கைநழுவும் 48 மணி நேரம்

ஐப்பசியில் மழை பிடித்ததும் தமிழ்நாட்டு வீடுகளைக் காய்ச்சலும் பிடித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டுவரும் இருமல் இரண்டே நாளில் தாய்க்கும், அடுத்து தாத்தாவுக்கும் தொற்றுகிறது. முதல் நாள் நொச்சி ஆவியும் சுக்குக் கஷாயமும். இரண்டாம் நாள் நிலவேம்பு. மூன்றாம் நாள் தெருமுனை மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை. ஐந்தாம் நாள் தாத்தாவுக்கு மூச்சு வாங்கும்போதுதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறோம். "காய்ச்சல் வந்து எத்தனை நாளாச்சு?" என்று அங்கே மருத்துவர் கேட்கிறார். நாம் சொல்லும் பதிலில் ஓர் உயிரின் கதி அடங்கியிருக்கக்கூடும். மழைக்காலம் முற்றும் முன்பே அபாயச் சங்கை ஊத வேண்டியிருப்பது அதனால்தான்.

ஃப்ளூ என்று சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகும் இன்ஃப்ளூயன்சா, மூக்கு ஒழுகி நான்கு நாளில் போய்விடும் வெறும் ஜலதோஷம் அல்ல. உலகம் முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் 30 லட்சம் முதல் 50 லட்சம் பேர் வரை இதனால் கடுமையாக நோயுறுகிறார்கள் என்றும், 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. 1918-ல் பம்பாய் துறைமுகம் வழியாக நுழைந்த இதே வைரஸ் குடும்பத்தின் ஒரு வகை, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் வந்த எச்1என்1 வைரஸ், 2015-ல் நம் நாட்டில் 42,592 பேரைப் பாதித்து 2,990 பேரின் உயிரைப் பறித்தது. 2017-ல் மீண்டும் 2,270 பேர். இவை பரிசோதனையில் உறுதியான கணக்குகள் மட்டுமே. சோதிக்கப்படாமல் "நிமோனியா", "மூச்சுத்திணறல்" என்று இறப்புச் சான்றிதழில் முடிந்துபோனவர்கள் இதில் இல்லை.

இந்த நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. திடகாத்திரமான இளைஞர் ஒருவர் நான்கைந்து நாள் படுத்திருந்து எழுந்துவிடுவார். ஆனால் அதே வீட்டில் இருக்கும் கர்ப்பிணி, கைக்குழந்தை, அறுபத்தைந்தைத் தாண்டிய முதியவர், சர்க்கரை நோயாளி, ஆஸ்துமாவோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர் ஆகியோருக்கு அது நுரையீரலில் இறங்க அதிக நேரம் ஆகாது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு காட்டியது. அப்படியானால் ஆபத்துப் பட்டியலில் உள்ள ஒருவராவது இல்லாத வீடு இங்கே அபூர்வம். வீட்டுக்குள் ஃப்ளூ நுழைந்துவிட்டது என்றால், அவரைக் காப்பாற்ற என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்விதான் முதலில் எழ வேண்டும்.

அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, கஷாயமா மாத்திரையா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு தரப்பு, நிலவேம்பும் கபசுரக் குடிநீரும் இருக்க ஆங்கில மருந்து எதற்கு என்கிறது. இன்னொரு தரப்பு, இவையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் ஒதுக்குகிறது. 2017 அக்டோபரில், முறையான ஆய்வு முடியும்வரை நிலவேம்புக் குடிநீர் விநியோகிக்க வேண்டாம் என்று நடிகர் கமல்ஹாசன் தம் மன்றத்தினரைக் கேட்டுக்கொண்டபோது, அது மருத்துவ விவாதமாக இல்லாமல் தமிழ்ப் பெருமை குறித்த சண்டையாகவே மாறியது நினைவிருக்கலாம். எந்த மருந்து, யாருக்கு, எந்த நாளில் என்ற மூன்று கேள்விகளும் அந்தக் கூச்சலில் காணாமல் போயின. இன்றுவரை அவை திரும்பி வரவில்லை.

கஷாயம் எதைச் செய்யும்?

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்குகளின் கூட்டு அது. கபசுரக் குடிநீரில் ஆடாதோடை, கற்பூரவள்ளி, சீந்தில், திப்பிலி, இலவங்கம், கடுக்காய் உள்ளிட்ட பதினைந்து சரக்குகள். தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த மருந்துகள் இவை. 2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரையும் அரசே தெருத்தெருவாகக் கொடுத்தது. அவற்றின் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததல்ல.

நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிரபோலைடு என்ற பொருள் குறித்து உலகின் பல ஆய்வுக்கூடங்களில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சளி, தொண்டைவலி, இருமல் போன்ற தொந்தரவுகளை நிலவேம்பு ஓரளவு தணிக்கிறது என்று சில மருத்துவச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அவற்றில் பல சிறியவை, தரம் குறைந்தவை என்ற விமர்சனமும் உடன் இருக்கிறது. சூடான சுக்குமல்லிக் காபி தொண்டைக்கு இதம். மிளகு ரசமும் கஞ்சியும் உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்குத் தேன் பலன் தருகிறது என்பதை நவீன மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. இவற்றையெல்லாம் கைவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, தேவையும் இல்லை.

ஆனால் ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். ஃப்ளூ வந்தவரின் உடலில் அந்த வைரஸ் பெருகுவதை நிறுத்தி, நிமோனியாவையும் மரணத்தையும் தடுக்கும் என்று மனிதர்களிடம் நடத்திய தரமான, பெரிய சோதனைகளில் எந்தக் கஷாயமும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வைரஸை அடக்கும் பொருள்கள் ஆயிரம் உண்டு. வயிற்றுக்குள் போய், செரித்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரலில் போதுமான அளவு சேர்ந்து வேலை செய்வது வேறு சங்கதி. அந்தத் தூரத்தைக் கடந்தது என்று காட்டப்படாத ஒன்றை, மூச்சு வாங்கும் முதியவருக்கு ஒரே மருந்தாக நம்பிக் கொடுப்பது, அவர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இயற்கையானது என்பதால் தீங்கே வராது என்ற எண்ணமும் தவறு. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய் வரக்கூடும். கொதிக்கும் பானையோடு ஆவி பிடிக்கும்போது குழந்தைகள் வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்திலை நாள்கணக்கில் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும், அளவும் காலமும் தெரியாமல் எந்த மூலிகையையும் குடிக்கக் கூடாது என்பதில் தேர்ந்த சித்த மருத்துவருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது. கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும் என்பது பொதுவான எச்சரிக்கை. தெருமுனைப் பந்தலில் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டுக் கொடுக்கிறார்கள்?

மாத்திரை எதைச் செய்யும்?

ஃப்ளூவுக்கு எதிரான மருந்துகளில் நம் நாட்டில் எளிதில் கிடைப்பது ஓசல்டாமிவிர். டாமிஃப்ளூ என்ற பெயரில் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தை இன்று இந்திய நிறுவனங்களே பல பெயர்களில் தயாரிக்கின்றன. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து பல்கிப் பெருகிய பிறகு, அங்கிருந்து விடுபட்டு அடுத்த செல்லைத் தாக்க நியூராமினிடேஸ் என்ற நொதி வேண்டும். ஓசல்டாமிவிர் அந்த நொதியை முடக்குகிறது. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் பழைய செல்லிலேயே சிக்கிக்கொள்கின்றன.

இந்த மருந்துக்கு நேரம் ஏன் உயிர்நாடி என்பது இதிலிருந்தே விளங்கும். ஃப்ளூ வைரஸின் பெருக்கம் முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. பரவிவிட்ட பிறகு பரவலைத் தடுக்கும் மருந்தால் என்ன ஆகப்போகிறது? அதனால்தான் நோய்க்குறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்கிறார்கள். 2009-ல் பரவிய எச்1என்1 வைரஸால் மருத்துவமனையில் சேர்ந்த 29,234 பேரின் விவரங்களை 38 நாடுகளிலிருந்து திரட்டி 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு நாளுக்குள் இவ்வகை மருந்து தொடங்கப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு, தாமதமாகத் தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. நோயாளிகளின் பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்பதால் அதற்கும் எல்லைகள் உண்டு. ஆனாலும் அது காட்டிய திசையை அலட்சியப்படுத்த முடியாது.

மாத்திரையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நாம் தயாராக இல்லை. இதன் ஆற்றலை, தயாரித்த நிறுவனம் மிகைப்படுத்தியது என்று சந்தேகித்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுக் குழு, முழு ஆய்வறிக்கைகளைப் பெறவே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2014-ல் அந்தக் குழு வெளியிட்ட முடிவின்படி, பெரியவர்களுக்கு ஃப்ளூவின் தொந்தரவுகள் தணிய ஆகும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. கிட்டத்தட்ட 17 மணி நேர லாபம். குமட்டலும் வாந்தியும் பக்க விளைவுகள். உலக சுகாதார அமைப்பு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளோ, நோய் கடுமையாகாதவர்களுக்கு ஓசல்டாமிவிர் தேவையில்லை என்றும், கடுமையானவர்களுக்குப் பரிசீலிக்கலாம் என்றும் கூறுகின்றன. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு லேசான நிலையிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது இந்தியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் நெறிமுறை. ஆக, ஆரோக்கியமானவருக்கு இந்த மாத்திரையால் பெரிய லாபம் இல்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவர் தாமதிக்காமல் மருத்துவரின் கண்காணிப்புக்குள் வர வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

நமது சுகாதார அமைச்சகம் 2009-லேயே இதற்கு ஒரு எளிய வழி வகுத்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி மட்டும் இருப்பவர்கள் 'ஏ' பிரிவு. இவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஓசல்டாமிவிரும் வேண்டாம். வீட்டில் ஓய்வு போதும், ஓரிரு நாளில் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பிணி, குழந்தை, முதியவர், நாள்பட்ட நோயாளி ஆகியோர் 'பி' பிரிவு. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் இவர்களுக்கு மருந்தைத் தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் இரத்தம், நகம் நீலம் பாரித்தல் இருந்தால் 'சி' பிரிவு. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இந்த மூன்று பிரிவுகளைப் பற்றி எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? அந்தந்த ஆண்டு காய்ச்சல் பரவும்போது செய்தித்தாளில் ஒரு நாள் வந்து மறைந்துபோகும் செய்தியாகவே அது இருக்கிறது.

பகைமை இல்லாத இடத்தில் பகை

மூலிகைக்கும் மாத்திரைக்கும் ஜென்மப் பகை இருப்பதாகப் பேசுகிறவர்கள் ஓசல்டாமிவிரின் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்படும் ஷிகிமிக் அமிலம்தான் இந்த மருந்துத் தயாரிப்பின் மூலப்பொருள். 2005-ல் பறவைக் காய்ச்சல் அச்சத்தில் நாடுகள் டாமிஃப்ளூவைக் குவித்துவைக்கத் தொடங்கியபோது, சீனாவில் விளையும் அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. அதற்காக அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் ஃப்ளூ போய்விடாது. அந்த அமிலம் பல கட்ட வேதி மாற்றங்களுக்குப் பிறகே வைரஸை முடக்கும் மருந்தாகிறது.

நம்மூர் ஆடாதோடையும் அப்படித்தான். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் உருவானது. அதன் வழியில் வந்த அம்பிராக்சால் இன்று சளி சிரப்புகளில் இருக்கிறது. சீனத்தின் பழைய மருத்துவ நூல் ஒன்றில் கிடைத்த குறிப்பைப் பின்பற்றி, ஒரு மூலிகையிலிருந்து மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கண்டெடுத்த து யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடைசி இரண்டிலும் மரபின் அறிவு வழிகாட்டியது, சோதனை அதை மெய்ப்பித்தது, அளவு வரையறுக்கப்பட்டது. நிலவேம்புக்கும் கபசுரக் குடிநீருக்கும் நாம் தர மறுப்பது இந்தச் சோதனையைத்தான். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நிலையம் இருக்கிறது. 2009-ல் தமிழ்நாட்டின் எச்1என்1 மாதிரிகளைச் சோதித்த ஆய்வகம் அங்குதான் உள்ளது. இவ்விரண்டும் கைகோத்து ஃப்ளூ நோயாளிகளிடம் ஒரு பெரிய, நேர்மையான சோதனை நடத்துவதைத் தடுப்பது எது? பலன் இருந்தால் உலகத்துக்கே எடுத்துச் சொல்லலாம். இல்லையென்றால் மக்களை ஏமாற்றத்திலிருந்து காக்கலாம். சித்த மருத்துவத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

மெடிக்கல் கடையின் செட் மாத்திரை

கஷாயமா மாத்திரையா என்ற சண்டைக்கு நடுவே உண்மையான கேடு ஒன்று சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல், பெயர் தெரியாமல், காகிதத்தில் மடித்துத் தரப்படும் செட் மாத்திரை. அதில் பாராசிட்டமால் இருக்கும். கூடவே ஆன்டிபயாடிக் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. ஃப்ளூ வைரஸை அது தொடக்கூட முடியாது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி, உடம்பு தேறிவிட்டதாக ஒரு பொய்த் தெம்பைக் கொடுக்கும். சர்க்கரை நோயாளிக்கு இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். தேறிவிட்டோம் என்று நம்பும் அந்த இரண்டு நாளில்தான் நுரையீரல் பழுதாகிறது.

2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ நாடெங்கும் பரவியபோது, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கண்மூடித்தனமாக ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களையே கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. மருத்துவர்களுக்கே இந்த அறிவுரை தேவைப்படுகிறது என்றால், மெடிக்கல் கடை ஊழியரின் கையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் விடலைப் பருவத்தினருக்கும் ஃப்ளூவின்போது ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரக்கூடும். மடித்த காகிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

ஓசல்டாமிவிரையும் இப்படி அள்ளிக் கொடுத்தால் அதுவும் வீணாகிவிடும். 2008-09 பருவத்தில் உலகில் சுற்றிவந்த பழைய எச்1என்1 வைரஸ் ஏறத்தாழ முழுவதுமாக இந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்டிருந்தது. 2009-ல் வந்த புது வைரஸ் அதன் இடத்தைப் பிடித்ததால் தப்பித்தோம். அடுத்த முறையும் அதிர்ஷ்டம் கைகொடுக்கும் என்று இருக்க முடியாது. 2017 பிப்ரவரியில் ஓசல்டாமிவிர், மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைக்கும்படி 'எச்1' பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். தேவைப்படுபவருக்குக் கிடைக்கவும், தேவையற்றவர் கைக்குப் போகாமலிருக்கவும் ஏற்பட்ட விதி இது. ஏட்டில் இருப்பது கடையிலும் நடக்கிறதா என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மழைக்காலத்திலாவது போய்ப் பார்க்க வேண்டும்.

தடுக்கும் வழி தனி

கஷாயமும் மாத்திரையும் நோய் வந்த பிறகு பேச வேண்டியவை. குடும்பத்துக்கு நோயே வராமல் காப்பது எப்படி என்றால், விடை தடுப்பூசியில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ஊசிக்கும் சுற்றிவரும் வைரஸுக்கும் பொருத்தம் நன்றாக இருக்கும் ஆண்டில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை அது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. முழுக் கவசம் என்று சொல்ல முடியாது. ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம். ஆனால் மருத்துவமனைப் படுக்கையும் மரணமும் வெகுவாகக் குறைகின்றன. வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழைக்கு முன்பே போட வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் எல்லோருக்கும் போடலாம்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு இந்த ஊசி போட முடியாது. அதைக் காக்கச் சிறந்த வழி தாய்க்குப் போடுவதுதான். வங்கதேசத்தில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008-ல் வெளியானது. தாய்க்கு ஊசி போட்டதால், பிறந்த குழந்தைகளுக்குப் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஊசியில் இரண்டு உயிருக்குப் பாதுகாப்பு. மூன்று வேளை கஷாயம் குடித்தால் எதிர்ப்பு சக்தி ஏறிவிடும் என்று விளம்பரம் சொல்கிறது. குறிப்பிட்ட வைரஸை அடையாளம் கண்டு தாக்கும் எதிர்ப்புப் பொருள், நோய் வந்துபோவதாலோ ஊசி போடுவதாலோ மட்டுமே உடலில் உருவாகும். வேறு குறுக்குவழி இல்லை.

இத்தனை பலன் இருந்தும் ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெறவில்லை. தனியார் மருத்துவமனையில் ஆயிரம் ரூபாய்க்கும் மேல் கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது. நான்கு பேர் உள்ள கூலித் தொழிலாளி வீட்டில், வருடா வருடம் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? அந்தக் குடும்பம் இலவசக் கஷாயத்தை நம்புவது அறியாமையால் அல்ல, கைக்கெட்டியது அது ஒன்றுதான் என்பதால். அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று பழிப்பவர்கள் முதலில் அந்த ஊசியின் விலையைக் கேட்கட்டும்.

அரசுக்குச் சில கேள்விகள்

குடிநீர் கொடுக்கும் முகாமில், இது தொந்தரவைத் தணிக்கும், ஃப்ளூவைத் தடுக்காது, யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவர் இப்போதே மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுதிய ஒரு பலகை வைக்க என்ன தடை? 1954-ல் இயற்றப்பட்ட, மருந்துகள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் "காய்ச்சல்கள்" என்பதும் இருக்கிறது. காய்ச்சலைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது குற்றம். தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடும் "ஃப்ளூவை விரட்டும்" பொடிகளுக்கும் சூரணங்களுக்கும் அந்தச் சட்டம் பாயாதது ஏன்?

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. அந்த ஆற்றல் நம்மிடம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்களிடம் எந்தத் தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இரத்தக் கொதிப்பு என்ற பட்டியல் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பிணிகளின் பட்டியல் இருக்கிறது. ஃப்ளூவால் சாகக்கூடியவர்கள் யார் என்பது அரசுக்குப் பெயரோடு முகவரியோடு தெரியும் என்பதே இதன் பொருள். புரட்டாசிக்குள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் இலவசமாக ஊசி போட்டுவிட முடியும். 2015-ல் எச்1என்1 தாக்கியபோது மகாராஷ்டிரம் கர்ப்பிணிகளுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் இலவச ஊசி தொடங்கியது. தமிழ்நாட்டின் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஃப்ளூ ஊசியும் ஓசல்டாமிவிரும் மழைக்காலம் முழுவதும் இருப்பில் இருக்க வேண்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் காய்ச்சல் பிரிவு திறந்திருக்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வரும் தாய்க்கு, ஆரம்ப சுகாதார நிலையம் பூட்டியிருந்தால் மெடிக்கல் கடைதான் மருத்துவர்.

வீடுகள் செய்ய வேண்டியது

அரசு அசையும்வரை வீடுகள் காத்திருக்க வேண்டாம். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தொடங்கிய நாளையும் நேரத்தையும் தினசரி காலண்டரில் குறித்துவையுங்கள். நோயாளியைக் காற்றோட்டமான அறையில் தனியாகப் படுக்கவிடுங்கள். கவனிப்பவரும் நோயாளியும் முகக்கவசம் அணியுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய்க்குறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஐந்தாறு நாள் வரை அவர் பிறருக்குப் பரப்பக்கூடியவர். பாட்டியையும் கைக்குழந்தையையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். காய்ச்சலோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஆரோக்கியமான பெரியவர் என்றால் ஓய்வு, கஞ்சி, ரசம், பாராசிட்டமால். விரும்பினால் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடிநீர்.

ஆபத்துப் பட்டியலில் உள்ளவர் என்றால் வழி வேறு. காய்ச்சல் வந்த அன்றே, மிஞ்சினால் மறுநாளே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். "இது ஃப்ளூவாக இருக்குமா, இவருக்கு ஓசல்டாமிவிர் தேவையா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கொடுக்கப்பட்டால், உடம்பு தேறினாலும் ஐந்து நாள் மருந்தை முடியுங்கள். கஷாயமோ வேறு மருந்தோ எடுத்துக்கொள்வதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும், விட்ட காய்ச்சல் மீண்டும் வந்தாலும் எந்தக் கஷாயத்துக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். எத்தனை நாள் ஆகியிருந்தாலும் போங்கள். தாமதமானால் மருந்தின் பலன் குறையுமே தவிர, சிகிச்சை வீணாகாது.

ஒரு குடும்பத்தின் அன்பு, கஷாயம் காய்ச்சித் தருவதில் வெளிப்படுகிறது. அந்த அன்பை யாரும் குறைசொல்லவில்லை. அது நோயாளியை மருத்துவரிடமும் உரிய நேரத்தில் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஃப்ளூவால் நிகழும் சாவுகளில் கணிசமானவை தவிர்க்கக்கூடியவை. ஊசி இருக்கிறது, மருந்து இருக்கிறது, யாருக்கு ஆபத்து என்ற பட்டியலும் இருக்கிறது. மூன்றையும் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு மாநில சுகாதாரத் துறையுடையது. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் இலவச ஃப்ளூ ஊசி என்ற அறிவிப்பு அடுத்த மழைக்காலத்துக்கு முன் வந்தாக வேண்டும். வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.